நீர் நிற்கும் நேரம்: சிங்கப்பூரில் ஆறு நாட்கள்

முதல் நாள்: பொங்கோல்

மகளின் வீடு பொங்கோலில் பதினோராம் மாடியில் இருக்கிறது. நேற்று இரவு வந்து இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. காலையில் சன்னலைத் திறந்து கீழே பார்த்ததும் என் கண்கள் தாமாகவே வடிகாலைத் தேடின. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் முப்பது ஆண்டுகள் மழைநீர் வடிகால் கட்டும் பணியில் இருந்து, மூன்றாண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன் சாக்கடையைப் பார்ப்பவர் என்று என் மனைவி சொல்வது உண்மைதான்.

இந்தப் பயணத்தின் நோக்கம் ஒன்றே. பெய்யும் மழையை மண்ணாலும் செடியாலும் வேகம் தணித்து, வடிகட்டி, அதன் பிறகே வாய்க்காலுக்கு அனுப்பும் ஏற்பாடுகளை இந்த ஊர் எப்படி அமைத்திருக்கிறது, எப்படிப் பராமரிக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும். அன்றன்று பார்த்ததை அன்றிரவே எழுதிப் பதிவிடுகிறேன்.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பெரிய ஆறு கிடையாது, சொல்லும்படியான நிலத்தடி நீர்வளமும் கிடையாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழை இருக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாக உள்ளது; அங்கே விழும் மழை 8,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் வடிகால்கள், கால்வாய்கள், ஆறுகள் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குச் செல்கிறது. தெருவோரச் சாக்கடையில் ஓடும் மழைநீர் பின்னர் குடிநீராகக் குழாய்க்குத் திரும்பக்கூடிய ஊர் இது. ஆகவே, வாகன நிறுத்துமிடத்தில் சிந்திய எண்ணெயும், டயர் தேய்ந்த தூளும், பறவை எச்சமும், புல்தரையில் போட்ட உரமும் எங்கே போய்ச் சேர்கின்றன என்னும் கேள்வியை இங்குள்ளவர்கள் தள்ளிப்போட முடியாது. நாட்டின் நீர் வாரியமான பொதுப் பயனீட்டுக் கழகம் 2006ஆம் ஆண்டு ‘ஏபிசி வாட்டர்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள் என்பது அந்தப் பெயரின் விரிவு.

மாலையில் பொங்கோல் நீர்வழி ஓரமாக நடந்தேன். 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்டு, 2011இல் திறக்கப்பட்ட செயற்கை நீரோடை இது. பொங்கோல், சிராங்கூன் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களையும் இணைக்கிறது. கரையில் ‘வாட்டர்வே ரிட்ஜஸ்’ என்ற குடியிருப்பு உள்ளது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து, வளாகம் முழுவதற்குமாகத் திட்டமிட்டு, மழைநீரைத் தேக்கி வடிகட்டும் மழைத்தோட்டங்களையும் புல் வாய்க்கால்களையும் அமைத்த முதல் பொது வீடமைப்புக் குடியிருப்பு இதுதான். வளாகத்தில் விழும் மழையில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்தத் தோட்டங்கள் வழியாகச் சென்ற பிறகே வெளியேறுகிறது. இருட்டிவிட்டதால் இன்று மேலோட்டமாகத்தான் பார்க்க முடிந்தது. நாளை காலை மறுபடியும் போகிறேன்.

இரண்டாம் நாள்: ஒரு பள்ளத்தின் முன்னால்

காலை எட்டு மணிக்கு அரை மணி நேரம் மிதமான மழை பெய்தது. குடையோடு ஓடிப்போய் நேற்றுப் பார்த்துவைத்த மழைத்தோட்டத்தின் அருகே நின்றுகொண்டேன். கூரையிலிருந்து இறங்கும் குழாய் நேராகச் சாக்கடைக்குப் போகாமல், சரளைக் கல் பரப்பிய ஒரு சிறு மேடையில் நீரைக் கொட்டுகிறது. அந்தக் கற்களில் மோதி வேகம் தணிந்த நீர், செடிகளுக்கு நடுவே பரவித் தேங்குகிறது. பள்ளம் சுற்றியுள்ள தரையைவிட ஒரு சாண் அளவுக்குத்தான் தாழ்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் எவரும் இதைச் சற்றே பள்ளமான பூந்தோட்டம் என்றுதான் நினைப்பார்கள். உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நடக்கிறது.

மேலே அரை மீட்டர் கனத்துக்கு, மணல் மிகுந்த வடிகட்டி மண். அதன் கீழே பருமணல் அடுக்கு ஒன்று. மேல் மண் இறங்கிக் கீழே உள்ள ஜல்லியை அடைத்துவிடாமல் காப்பது அதன் பணி. அதற்கும் கீழே ஜல்லி, ஜல்லிக்குள் துளையிட்ட குழாய். மண்ணைக் கடந்து வந்த நீர் அந்தக் குழாயில் சேர்ந்து வடிகாலுக்குப் போகிறது. பள்ளத்தின் ஒரு மூலையில், மண்மட்டத்துக்குச் சற்று மேலே வாய் திறந்த ஒரு தொட்டி இருக்கிறது. நீர்மட்டம் அளவுக்கு மீறி உயர்ந்தால் மிகுதி அதன் வழியாக வெளியேறும். நம் ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, இந்தப் பள்ளத்துக்கு அந்தத் தொட்டி அப்படி. இதைப் பார்த்ததும் எனக்கு உள்ளூர ஒரு நிறைவு உண்டானது. நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஏரிக்குச் செய்ததை இங்கே பத்தடி நீளத் தோட்டத்துக்குச் செய்திருக்கிறார்கள்.

வடிகட்டுவது எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீர் நிற்கும்போது கனமான மணலும் வண்டலும் மேலேயே படிந்துவிடுகின்றன. நுண்ணிய துகள்கள் மணல் மணிகளுக்கு இடையே சிக்கிக்கொள்கின்றன. துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களும் பாஸ்பரசும் களிமண் துகள்களிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்கின்றன. நைட்ரஜன்தான் எளிதில் பிடிபடாதது, ஏனென்றால் அது நீரில் கரைந்தே வருகிறது. ஒரு பகுதியைச் செடிகள் உறிஞ்சுகின்றன. காற்றுப் புகாமல் நீர் ஊறி நிற்கும் அடியடுக்கு இருந்தால், அங்கு வாழும் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை வாயுவாக மாற்றிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. இவற்றுள் எந்தச் செயலும் உடனே முடிவதில்லை. மண் தன் பங்கைச் செய்வதற்கு நீர் அங்கே நின்று, மெல்ல இறங்க வேண்டும். முப்பது ஆண்டுகள் நான் கற்றதும் கற்பித்ததும் சரிவு, கொள்ளளவு, வேகம் என்பவற்றைத்தான். நீர் விழுந்த இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறதோ அவ்வளவு நல்ல வடிகால் என்றே மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

நீர் நிற்க வேண்டும் என்றால், எவ்வளவு நேரம்? அதிக நேரம் நின்றால் கொசு வரும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் தேவைப்படுவதால், சில மணி நேரத்தில் வடியும் பள்ளத்தில் கொசு வளர வழியில்லை. டெங்குவுக்கு அஞ்சும் இந்த ஊரில் இந்தக் கணக்கு மிகவும் முக்கியம். வடிகட்டி மண்ணில் மணிக்கு 50 முதல் 200 மில்லிமீட்டர் வரை நீர் இறங்க வேண்டும் என்று இங்கே வடிவமைக்கிறார்கள். களிமண் கூடினால் நீர் நின்றுவிடும். வெறும் மணலாக இருந்தால் நீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும், செடியும் வாடும். ஊரில் ஒரு பூங்காவில் இதைச் செய்யப்போய், செடி செழிக்கட்டும் என்று மாட்டெருவை வண்டி வண்டியாகக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். சத்து மிகுந்த மண்ணை வைத்தால், அந்தத் தோட்டமே பாஸ்பரசையும் நைட்ரஜனையும் நீரில் கரைத்து வெளியே அனுப்பும். வடிகட்ட வைத்தது மாசுபடுத்தத் தொடங்கிவிடும்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றேன். மழை விட்டது 8.35க்கு. பள்ளத்தின் நடுவே நான்கு விரற்கடை ஆழத்துக்கு நின்ற நீர் முழுவதும் இறங்கி, ஈர மண் தெரிந்தபோது மணி 9.10. தொட்டியின் வாய்க்கு நீர் எட்டவே இல்லை. பெருமழையில் இது என்ன ஆகும் என்பதைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்: பீஷான்

காலாங் ஆறு சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. அதன் நீளமே பத்து கிலோமீட்டர்தான். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து மரினா நீர்த்தேக்கம் வரை அது ஓடுகிறது. பீஷான் – அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டருக்கு அது நேரான கான்கிரீட் கால்வாயாகத்தான் பல ஆண்டுகள் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் பூங்கா, அந்தப் பக்கம் கால்வாய். அந்தக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, ஆற்றைப் பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். இப்போது அதே தொலைவை ஆறு 3.2 கிலோமீட்டர் நீளத்தில் கடக்கிறது. 62 ஹெக்டேர் பரப்புள்ள பூங்கா 2012 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது.

இன்று காலையிலிருந்து மாலை வரை அங்கேயே இருந்தேன். எழுத நிறைய இருக்கிறது. என்னை மிகவும் யோசிக்கவைத்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கான்கிரீட்டை எடுத்துவிட்டுப் புல்லும் புதரும் வைத்தால் நீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அதே அகலத்தில் செல்லும் நீரின் அளவும் குறையும். அப்படியானால் வெள்ளம் கூடத்தானே வேண்டும்? இதற்கு விடை அகலத்தில் இருக்கிறது. பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இன்றைய ஆறு, சாதாரண நாளில் ஒரு சிறுவன் கல்லுக்குக் கல் தாண்டிக் கடக்கும் ஓடையாக இருந்தாலும், பெருமழையில் ஏறத்தாழ 100 மீட்டர் அகலம் வரை விரிய இடம் விட்டிருக்கிறார்கள். பூங்காவின் புல்வெளியே வெள்ளத்துக்குரிய நிலம். இதனால் ஆற்றின் கொள்திறன் பழைய கால்வாயைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியிருக்கிறது. ஆற்றுக்கு ஆற்றின் இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் மனிதருக்கு இடம் போய்விடும் என்ற அச்சம் நமக்கு எப்போதும் உண்டு. இங்கே மழையில்லாத நாட்களில் அந்த இடம் முழுவதும் மனிதர்களுடையதாக இருக்கிறது. நான் அமர்ந்திருந்த புல்வெளியில் ஐந்து குடும்பங்கள் பாய் விரித்திருந்தன.

மழை வந்தால் அவர்கள் எழுந்து மேலே போவதற்கு ஏற்பாடு உண்டு. நீர்மட்டத்தை அறியும் கருவிகள், எச்சரிக்கை விளக்குகள், சங்கொலி, அறிவிப்புகள் ஆகியவை கரை நெடுகிலும் இருக்கின்றன. ஆற்றைத் திறந்துவிடுவது என்றால் இதையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

கரைகளைப் பாதுகாக்கும் முறை இன்னொரு பாடம். வெப்பமண்டலத்தின் திடீர் மழையில் மண்கரை அரித்துப் போகாமல் இருக்க வேண்டும். 2009இல் பூங்காவிலுள்ள ஒரு பக்க வடிகாலில் 60 மீட்டர் நீளத்துக்குப் பத்து விதமான முறைகளைச் சோதித்துப் பார்த்த பிறகே ஆற்றில் கைவைத்தார்கள். மரக்கிளைகளைக் கட்டுகளாகக் கட்டிக் கரையில் பதிப்பது, துணியில் மண்ணைப் பொதிந்து அடுக்கி அதில் செடி நடுவது, கம்பிவலைக் கூண்டில் கல்லை நிரப்பி அதன் இடுக்கில் வேரூன்றச் செய்வது என ஒவ்வோர் இடத்திலும் நீரின் வேகத்துக்கேற்ப முறை மாறுகிறது. வளைவின் வெளிப்பக்கத்தில் கல் மிகுதி, உள்பக்கத்தில் செடி மிகுதி. நாள் செல்லச் செல்ல வேர் ஆழ்வதால் கரை வலுக்கிறது. கான்கிரீட் கட்டிய புதிதில்தான் மிக வலுவாக இருக்கும், அதன் பின் அதற்கு இறங்குமுகம்தான். இதை நான் என் கைப்படக் கட்டிய வடிகால்களில் கண்டிருக்கிறேன்.

உடைத்த கான்கிரீட்டை வீசி எறியவில்லை. அதைக் குவித்து ஒரு சிறு குன்றாக்கியிருக்கிறார்கள். அதன்மீது ஏறி நின்றால் ஆறு முழுவதும் தெரிகிறது.

பூங்காவின் மேல்பகுதியில் நீரைத் தூய்மையாக்கும் தாவரப் படுகை ஒன்று படிப்படியாக அமைந்திருக்கிறது. குளத்து நீரையும் ஆற்று நீரையும் மேலே ஏற்றி, செடிகள் அடர்ந்த படுகைகள் வழியாகக் கீழே இறக்குகிறார்கள். இரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. பூங்காவில் குழந்தைகள் விளையாடும் நீர்த்திடலுக்குப் போகும் பங்கை மட்டும் புறஊதாக் கதிரால் கிருமி நீக்குகிறார்கள். அந்தத் திடலில் ஒரு சீனப் பாட்டி தன் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கால்களை நீரில் தொங்கவிட்டிருந்தார். கால்வாய் இருந்த காலத்தையும் பார்த்திருப்பார் என்று தோன்றியது. மொழி தெரியாததால் கேட்க முடியவில்லை.

திரும்பும்போது நீர்நாய்க் குடும்பம் ஒன்று கரையேறியது. காவிரியில் இன்றும் வாழும் அதே இனம்தான்.

நான்காம் நாள்: மரினா, ஆர்ச்சர்டு

மரினா அணைக்கட்டைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 350 மீட்டர் அகலமுள்ள கால்வாயின் குறுக்கே ஒன்பது மதகுகள், 2008இல் திறக்கப்பட்டது. பெருமழையின்போது கடல் இறக்கத்தில் இருந்தால் மதகைத் திறக்கிறார்கள், ஏற்றத்தில் இருந்தால் ஏழு பெரிய பம்புகள் மிகுதி நீரைக் கடலுக்கு இறைக்கின்றன. இந்த நீர்த்தேக்கத்தின் பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர், அதாவது நாட்டின் ஆறில் ஒரு பங்கு. மூன்று நாட்களாக நான் பார்த்த சிறு பள்ளங்களின் பயன் இங்கே வந்து நின்றால்தான் புரிகிறது. நகரத்தின் நடுமையத் தெருக்கள் எல்லாம் இந்த நீர்த்தேக்கத்தின் வரத்துக்கால்கள். வரத்துக்காலில் போட்டது ஏரிக்கு வரும்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் முழுமையாகத் தனித்தனியே செல்கின்றன. மழைத்தோட்டம் வேலை செய்வதற்கு முதல் நிபந்தனை இதுதான். என் பணிக்காலத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், இரண்டு கிலோமீட்டர் மழைநீர் வடிகாலை மிகுந்த கவனத்தோடு கட்டி முடித்தேன். இரண்டே ஆண்டுகளில் இரவோடு இரவாகக் கழிப்பறைக் குழாய்களை அதில் இணைத்துவிட்டார்கள். எத்தனை முறை எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வடிகாலின் வாயில் எந்த மழைத்தோட்டத்தை வைத்தாலும் ஒரு மாதத்தில் மண் அடைத்துச் செத்துப்போகும். செடியும் மணலும் மழைநீரில் வரும் அழுக்கைத் தாங்கும். மலக்கழிவைத் தாங்கும்படி அவற்றை யாரும் அமைப்பதில்லை.

மாலையில் ஆர்ச்சர்டு சாலைக்குப் போனேன். கடைத்தெருவாக எல்லோரும் அறிந்த இந்தச் சாலையில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் வெள்ளம் புகுந்தது. அதற்குப் பிறகு இருவழிகளில் வேலை நடந்தது. ஒன்று பெரிய கட்டுமானம்: 38,000 கன மீட்டர் கொள்ளும் ஸ்டாம்ஃபர்டு தடுப்புத் தொட்டியும் இரண்டு கிலோமீட்டர் திசைதிருப்பும் கால்வாயும் 2018இல் பயன்பாட்டுக்கு வந்தன. மற்றொன்று சட்டம்: 2014 சனவரி முதல், 0.2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் எது கட்டினாலும், அங்கிருந்து வெளியேறும் மழைநீரின் உச்ச அளவை அந்த வளாகத்துக்குள்ளேயே குறைத்தாக வேண்டும். தொட்டி வைக்கலாம், மழைத்தோட்டம் வைக்கலாம், பசுங்கூரை வைக்கலாம். தன் நிலத்து மழைக்குத் தானே பொறுப்பு என்பதை விதியாக எழுதி, வரைபட ஒப்புதலோடு சேர்த்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாமும் இதே திசையில் ஓர் அடி வைத்தோம். நம் நோக்கம் நீரைக் கிணற்றுக்கு அனுப்புவது, இவர்களுடையது நீர்த்தேக்கத்துக்கு அனுப்புவது. நீர் குழாய்க்குப் போகாமல் நிலத்துக்குள் இறங்கும்படி பள்ளத்தின் அடிப்பகுதி மட்டும்தான் மாற வேண்டியிருக்கும்.

ஐந்தாம் நாள்: மண்ணைச் சுரண்டுபவர்

இன்று செங்காங்கில் மிதக்கும் ஈரநிலத்தைப் பார்க்கப் புறப்பட்டேன். பொங்கோல் நீர்த்தேக்கத்தின் மீது, ஏறத்தாழ அரைக் கால்பந்துத் திடல் அளவுக்குச் செடிகளை மிதக்கவிட்டிருக்கிறார்கள். வேர்கள் நீருக்குள் தொங்கி, கரைந்துள்ள சத்துகளை உறிஞ்சுகின்றன. அழகாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைய நாளின் பயன் அங்கே கிடைக்கவில்லை. போகும் வழியில் சாலையோரப் புல் வாய்க்கால் ஒன்றில் கிடைத்தது.

இருவர் அதில் இறங்கி, நீர் நுழையும் வாயில் படிந்திருந்த வண்டலை மண்வெட்டியால் மெல்லச் சுரண்டி மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அலைபேசியில் தமிழில் பேசினார். மன்னார்குடிப் பக்கமாம், ஏழு ஆண்டுகளாக இங்கே தோட்டப் பராமரிப்பு வேலையில் இருக்கிறார். “என்ன தம்பி, செடியைக் கத்தரிக்காமல் மண்ணைச் சுரண்டுகிறீர்களே?” என்று கேட்டேன். “மேல இந்த வண்டல் ஒரு இஞ்ச் படிஞ்சாப் போதும் சார், தண்ணி கீழ எறங்காது. செடிய விட்டாலும் விடலாம், இத விடக்கூடாது,” என்றார்.

சுரண்டிய வண்டலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கறுத்து, மாவுபோல நுண்மையாக, எண்ணெய் வாடையோடு இருந்தது. நேற்று முன்தினம் வரை இந்தச் சாலையில் ஓடிய வண்டிகளின் தூசு அது. நீர்த்தேக்கத்துக்குப் போயிருக்க வேண்டியது, ஒரு மூட்டைக்குள் இருக்கிறது. சேற்றில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவர், வயலில் நீர் எப்படி இறங்கும் என்று அறிந்த கை. அவர் மண்வெட்டியைப் பிடித்த விதத்திலேயே அது தெரிந்தது. வேருக்குக் கேடில்லாமல் மேல்தோலை மட்டும் எடுத்தார்.

நீர் வரும் வாய், குப்பை சேரும் இடம், மிகுதிநீர்த் தொட்டியின் மூடி, காய்ந்த செடிகள், கால்பட்டு இறுகிய மண் ஆகியவற்றை அவர்கள் முறைவைத்துப் பார்க்கிறார்களாம். மழை பெய்த மறுநாள் நீர் நின்றிருந்தால் மேற்பார்வையாளருக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். வடிவமைத்தவர்களின் கணக்கெல்லாம் இந்த இருவரின் மண்வெட்டியை நம்பியே நிற்கிறது. நம் ஊரில் இதே பள்ளத்தைத் திறப்புவிழாவோடு கட்டிவிடலாம், பணமும் கிடைத்துவிடும். மூன்றாம் ஆண்டில் வண்டல் எடுக்க ஓர் ஆளுக்கு நிரந்தரமாகக் கூலி ஒதுக்கும் வரி மட்டும் மதிப்பீட்டில் இருக்காது. நான் தயாரித்த மதிப்பீடுகளிலும் இருந்ததில்லை.

ஆறாம் நாள்: பெருமழை

இன்று மாலை விமானம். காலை ஆறரை மணிக்கே வானம் கறுத்தது. ஏழு மணிக்குக் கொட்டத் தொடங்கியது, எதிர்ப்புறக் கட்டடம் கண்ணுக்கு மறைந்துவிட்டது. மகள் தடுத்தும் கேளாமல் மழைச்சட்டை போட்டுக்கொண்டு முதல் நாள் பார்த்த மழைத்தோட்டத்துக்கே போனேன்.

முதல் பத்து நிமிடத்தில் பள்ளம் நிறைந்தது. சாலையிலிருந்தும் கூரையிலிருந்தும் முதலில் வந்த நீர் பழுப்பாக இருந்தது. அழுக்கில் பெரும்பங்கைச் சுமந்து வருவது அந்த முதல் நீர்தான், அதைப் பள்ளம் வாங்கி வைத்துக்கொண்டது. பிறகு நீர்மட்டம் தொட்டியின் விளிம்பைத் தொட்டது, வட்டமாக வழிந்து உள்ளே விழத் தொடங்கியது. ஏழரை மணிக்குத் தோட்டம் ஒரு குட்டை. செடிகளின் தலை மட்டும் தெரிந்தது. இப்படிப்பட்ட மழைக்கு இந்தப் பள்ளம் தீர்வாகாது. அதற்குக் கீழே வடிகால் வேண்டும், அதற்கும் கீழே காலாங்கைப் போல விரிய இடமுள்ள ஆறு வேண்டும், கடைசியில் மதகும் பம்பும் வேண்டும். ஆண்டில் பெய்யும் மழைகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டாம் நாள் நான் பார்த்ததைப் போன்ற சிறு மழைகள். அவற்றைத்தான் இந்தப் பள்ளம் முழுதாக ஏற்று வடிகட்டுகிறது.

மழை 8.50க்கு விட்டது. பேரப்பிள்ளை குடையோடு இறங்கி வந்து என் அருகில் நின்றுகொண்டான். “தாத்தா, எப்போ காலியாகும்?” என்று கேட்டான். கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். 9.20க்கு வழிவது நின்றது. 10.05க்கு முதல் செடியின் அடித்தண்டு தெரிந்தது. நாங்கள் மேலே போய்க் காலை உணவை முடித்துக்கொண்டு வந்தோம். 10.55க்கு நடுப்பள்ளத்தில் கையகல நீர் மட்டும் இருந்தது. 11.10க்கு அவன் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இப்போ எழுதிக்கோங்க,” என்றான்.